ரப்பரும் ரயில் சாமானும் ஏற்றி வந்த கப்பல்

பாலிக்குப் போகிறேன் என்றால் நம்மவர்கள் உடனே கேட்பது கூத்தா கடற்கரையையும் உபுட் வயல்வெளியையும் பற்றித்தான். நான் போனது துலாம்பெனுக்கு. தீவின் வடகிழக்கு ஓரத்தில், அகுங் எரிமலையின் அடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர். டென்பசார் விமான நிலையத்திலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வெள்ளை மணல் கிடையாது. கரை முழுக்கக் கறுப்புக் கூழாங்கற்கள். செருப்பில்லாமல் பத்தடி நடந்தாலே பாதம் கெஞ்சும். ஆனாலும் உலகின் பல மூலைகளிலிருந்தும் அங்கே ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் ஒரு கப்பல் மூழ்கிக் கிடப்பதுதான் காரணம்.

அதன் பெயர் ‘லிபர்ட்டி’. 1918ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கட்டப்பட்ட சரக்குக் கப்பல். நீளம் ஏறத்தாழ 125 மீட்டர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகச் சரக்கு சுமந்தது. 1942 ஜனவரி 11ஆம் தேதி, ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பீன்ஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, லொம்போக் நீரிணைக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அதன்மீது டார்பிடோவை ஏவியது. கப்பல் உடனே மூழ்கிவிடவில்லை. ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலும் ஒரு டச்சுப் போர்க்கப்பலும் அதைச் சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் போகப் பார்த்தன. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே போனதால், சரக்கையாவது காப்பாற்றலாம் என்று துலாம்பென் கரையில் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்கள்.

அங்கேயே 21 ஆண்டுகள் துருப்பிடித்துக் கிடந்தது. 1963ஆம் ஆண்டில் அகுங் வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பேரிடர் அது. நிலம் குலுங்கியதில் கப்பல் கரையிலிருந்து சரிந்து கடலுக்குள் இறங்கிவிட்டது. இன்று அது ஒரு பவளப்பாறை.

இதையெல்லாம் கிள்ளானில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தேன். கப்பலில் இருந்த சரக்கு என்ன என்று எழுதியிருந்த வரியில் வந்து நின்றுவிட்டேன். ரப்பர், ரயில் சாமான்கள். அவ்வளவுதான்.

மலேசியாவில் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்த இரண்டு சொற்களையும் விளக்க வேண்டியதில்லை. ரப்பருக்காக வந்தோம். ஜப்பான்காரன் காலத்தில் ரயிலுக்காகக் கொண்டுபோகப்பட்டோம். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை. 1942ஆம் ஆண்டில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமல் போயிருந்த நேரம். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், பிறகு வளைத்துப் பிடித்தும் பல்லாயிரம் தமிழர்களை லோரியில் ஏற்றினார்கள். அவர்களில் ஒருவர் என் பாட்டியின் அப்பா. கோல சிலாங்கூர் பக்கத்தில் பால் மரம் வெட்டியவர். அவர் போனபோது பாட்டிக்கு ஐந்து வயது. அவர் திரும்பி வரவில்லை.

பாட்டிக்கு இப்போது 87. அப்பாவின் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. இறந்த தேதி தெரியாததால் திதியும் இல்லை. புரட்டாசி மாதம் மகாளய அமாவாசையன்று வாழையிலை போட்டு, அதன் எதிரே ஒரு விளக்கை மட்டும் ஏற்றிவைப்பார். அப்போது அவர் எதுவும் பேசமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். என் வீட்டில் இது பழக்கமாகிப்போன மௌனம்.

தண்ணீரில் கண்டம்

முக்குளிப்புக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்ன அன்று அம்மா எடுத்தது என் ஜாதகத்தை. “உனக்குத் தண்ணியில கண்டம்னு சின்ன வயசுலேயே சொல்லியிருக்காங்க” என்றார். “நீச்சல் குளத்துக்குப் போனப்ப சொல்லலியேம்மா” என்றேன். “அது குளம். இது கடல்” என்றார். தம்பியையும் சேர்த்துக்கொண்டு போவதாகச் சொன்ன பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார். அவன் ஜாதகத்தில் அப்படி ஒன்றும் இல்லையாம்.

நானும் தம்பியும் தியோமான் தீவில் நான்கு நாள் படித்தோம். நம் இளையர்கள் பலர் இதைப் பணக்காரப் பொழுதுபோக்கு என்றோ, சாகசக்காரர்களின் வேலை என்றோ நினைக்கிறார்கள். அடிப்படைப் பயிற்சியில் நான் கண்டது நேர்மாறு. அங்கே சொல்லிக்கொடுப்பது முழுக்க முழுக்க நிதானம். மூச்சை அடக்கக் கூடாது. காதில் அழுத்தம் ஏறினால் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிச் சமன்செய்ய வேண்டும். வலித்தால் கொஞ்சம் மேலேறி மறுபடி முயல வேண்டும். பத்து மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதனால் 20 மீட்டர் ஆழத்தில், மேற்பரப்பில் செலவாவதைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் தோம்பில் உள்ள காற்று தீரும். பதறினால் இன்னும் சீக்கிரம் தீரும். அடிப்படைச் சான்றிதழ் பெற்றவர் இறங்கக்கூடிய ஆழம் 18 மீட்டர். லிபர்ட்டியின் மேற்பகுதி ஐந்தாறு மீட்டரிலேயே தொடங்கிவிடுகிறது. ஆழமான பகுதி 30 மீட்டர் வரை போகிறது. புதிதாகக் கற்றவர்களும் அதன் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம்.

புறப்படுவதற்கு முதல் நாள் பாட்டியிடம் சொன்னேன். கப்பல், ஜப்பான்காரன், குண்டு என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்தக் கப்பல்ல யாரோட அப்பனாவது இருக்காங்களா கண்ணு?”

“இல்ல பாட்டி. அதைக் கரைக்கு இழுத்துட்டு வந்து சரக்கை இறக்கினாங்க. போர்க்கல்லறைன்னு குறிச்சுவைச்ச இடம் இல்ல.”

“அப்படின்னா போயிட்டு வா. ஆளு கெடக்குற எடத்துல போயி வேடிக்கை பாக்கக் கூடாது.”

இரும்பின் மேல் ஒரு தோட்டம்

துலாம்பெனில் முதலில் கண்ணில் படுபவர்கள் சுமை தூக்கும் பெண்கள். முக்குளிப்பு நிலையங்களிலிருந்து கடற்கரை வரை, காற்று நிரப்பிய தோம்புகளைத் தலையில் வைத்துக்கொண்டு கூழாங்கற்கள்மேல் சர்வசாதாரணமாக நடக்கிறார்கள். சிலர் ஒரே நேரத்தில் இரண்டு தோம்புகளைச் சுமக்கிறார்கள். ஒரு தோம்பைத் தூக்கி முதுகில் மாட்டுவதற்கே எனக்குத் தம்பியின் கை தேவைப்பட்டது. எங்கள் தோம்புகளைக் கொண்டுவந்த அம்மாவுக்கு என் அம்மாவின் வயது இருக்கும். இறக்கி வைத்துவிட்டு, தென்னங்குருத்தில் பின்னிய சிறு தட்டில் பூவும் ஊதுபத்தியும் வைத்துக் கடலைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டுக்கொண்டேன். என் ஜாதகக் கண்டத்துக்கும் சேர்த்து.

காலை ஆறரை மணி. பகலில் தென்பாலியிலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று வழிகாட்டி எங்களைச் சீக்கிரமே இறங்கச் சொன்னார். அவருடைய இந்தோனீசிய மொழியும் எங்கள் மலாயும் நன்றாகவே ஒத்துப்போயின. தண்ணீருக்குள் போய்விட்டால் எந்த மொழியும் இல்லை. கையால் காட்டும் சைகைதான்.

கறுப்பு மணல் சரிவில் இறங்கினோம். மணலில் நட்டுவைத்த குச்சிகளைப்போல நூற்றுக்கணக்கான தோட்ட விலாங்குகள் தலையை மட்டும் நீட்டி ஆடிக்கொண்டிருந்தன. நாங்கள் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக வளைக்குள் மறைந்தன. பிறகு நீலத்துக்குள்ளிருந்து ஒரு சுவர் எழுந்தது. முதலில் அதைப் பாறை என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனதும் விளிம்பு நேராக ஓடுவதைக் கண்டேன். பாறையில் அப்படி நேர்க்கோடு இருக்காது. கப்பலின் பக்கவாட்டுதான் அது.

கப்பல் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. தகடுகள் பல இடங்களில் விழுந்துவிட்டன. சட்டங்கள் மட்டும் விலா எலும்புகளைப்போல நிற்கின்றன. அவற்றில் இரும்பின் நிறம் எங்கேயும் தெரியவில்லை. ஆழத்தில் சிவப்பு நிறம்தான் முதலில் மறையும், எல்லாம் நீலச் சாம்பலாகத் தெரியும். வழிகாட்டி கைவிளக்கைப் போட்டார். சாம்பல் என்று நான் நினைத்த இடமெல்லாம் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கடற்பஞ்சுகள். என் உயரத்துக்குக் கடல் விசிறிகள். பூச்செடிபோல மெதுவாக அசையும் மென்பவளங்கள்.

இரும்பு எப்படித் தோட்டமானது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதில் பவளம் வேர்கொள்ளாது. பவளக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ளக் கெட்டியான ஒரு பரப்பு வேண்டும். கப்பல் கடலுக்குள் இறங்கியதும் முதலில் நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. அதன்மேல் பாசி, பிறகு கொட்டலசு, கடற்பஞ்சு, பவளம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன. லொம்போக் நீரிணை வழியாக ஓடும் நீரோட்டம் அவற்றுக்கு வேண்டிய உணவைக் கொண்டுவந்து கொடுக்கிறது. ஒளிந்துகொள்ள இடம் கிடைத்ததும் சின்ன மீன்கள் வருகின்றன. சின்ன மீன்களைத் தேடிப் பெரியவை வருகின்றன. ஏதோ ஒரு தோட்டத்தில் முதல் லயம் கட்டியதும் கடை, கோயில், பள்ளிக்கூடம் என்று வரிசையாக வந்ததைப்போலத்தான்.

சரக்கறை இருந்த இடத்துக்குள் நுழைந்தோம். மேலே திறந்திருந்ததால் காலை வெயில் கம்பிகம்பியாக இறங்கியது. ரப்பர் கட்டுகளும் ரயில் சாமான்களும் அடுக்கியிருந்த இடம் இதுதானோ என்று எண்ணிக்கொண்டிருந்தபோது வழிகாட்டி என் கையைத் தட்டி நிற்கச் சொன்னார். இருட்டிலிருந்து நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம் இருக்கும். ராத்திரி கப்பலுக்குள் தூங்கிவிட்டு, விடிந்ததும் மேய்ச்சலுக்குப் புறப்படுகின்றன. பவளத்தைப் பல்லால் கடித்து, அரைத்து, மணலாக வெளியேற்றுபவை அவை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகளைப்போல எங்களைத் திரும்பியும் பார்க்காமல் தாண்டிப் போயின. வெளியே வந்தால் தலைக்கு மேலே பாறை மீன்களின் கூட்டம் வெள்ளிச் சூறாவளியாகச் சுழன்றுகொண்டிருந்தது.

அழகாகத்தான் இருந்தது. அதே சமயம், ஒருவரைக் கொல்ல ஏவிய குண்டுக்குக் கிடைத்த பதில் இவ்வளவு அழகாக இருக்கலாமா என்றும் மனத்துக்குள் ஒன்று உறுத்தியது. மேலேறும் வழியில் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். உடலில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற அந்த நேரம் தேவை. அந்த மூன்று நிமிடமும் கீழே கிடந்த கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாக்கியவன் எங்கே?

கரையில் தேநீர் குடிக்கும்போது வழிகாட்டி தம் அப்பாவைப் பற்றிச் சொன்னார். சிறுவனாக இருந்தபோது, கரையில் கிடந்த அந்தக் கப்பலில் ஏறி விளையாடினாராம். எரிமலை வெடித்தபோது குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வயலும் இல்லை, கப்பலும் இல்லை. “இப்போது அந்தக் கப்பல்தான் எங்கள் வயல்” என்றார். அவர் வீட்டில் மூன்று பேருக்குக் கப்பல்தான் சோறு போடுகிறது.

அன்று இரவு விடுதியில், லிபர்ட்டியைத் தாக்கிய நீர்மூழ்கி என்ன ஆனது என்று தேடிப் பார்த்தேன். அப்போது ஐ-66 என்றும், பிறகு ஐ-166 என்றும் எண்ணிடப்பட்ட கப்பல் அது. 1944 ஜூலை 17ஆம் தேதி, பிரிட்டனின் ‘டெலிமாக்கஸ்’ என்ற நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. எங்கே தெரியுமா? மலாக்கா நீரிணையில், ஒன் ஃபேதம் பேங்க் என்ற மணல்திட்டுக்கு அருகே. நம் கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே உள்ள கடல்தான் அது. நான் பிறந்து வளர்ந்த ஊரின் கடல். அந்தக் கப்பலோடு அதிலிருந்தவர்களில் பெரும்பாலோர் மாண்டுபோனார்கள். அவர்களுக்கும் ஜப்பானில் விளக்கேற்றிக் காத்திருந்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள். பாட்டியிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வார் என்று அப்போது என்னால் ஊகிக்க முடியவில்லை.

பாட்டி சொன்ன அந்த விதி மட்டும் நினைவில் இருந்தது. ஆள் கிடக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்கக் கூடாது. குவாந்தானுக்கு அப்பால் அப்படிப்பட்ட இடம் உண்டு. 1941 டிசம்பர் 10ஆம் தேதி, ஜப்பானிய விமானங்கள் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை அங்கே மூழ்கடித்தன. ஏறக்குறைய 840 பேர் இறந்தார்கள். பிரிட்டன் தன் சட்டத்தின் கீழ் அந்த இரண்டையும் பாதுகாக்கப்பட்ட இடங்களாக அறிவித்திருக்கிறது. ஆனாலும் பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் ஆசைப்பட்டு அவற்றை வெடிவைத்துத் தகர்த்து அள்ளியிருக்கிறார்கள். 2023 மே மாதம், சீனாவில் பதிவான ஒரு கப்பலை மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் ஜொகூர் கடற்பரப்பில் தடுத்து வைத்தது. அதில் பழைய இரும்போடு போர்க்காலப் பீரங்கிக் குண்டுகளும் இருந்தன. அந்தச் செய்தியை அன்று அலுவலகத்தில் ஒரு வினாடி பார்த்துவிட்டு நகர்த்திவிட்டேன். இப்போது படித்தால், யாரோ பாட்டியின் விளக்கை உதைத்துத் தள்ளியதுபோல இருக்கிறது.

கல்லறை இருப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், கல்லறையே இல்லாதவர்களுக்கு? தாய்லாந்தின் காஞ்சனபுரியில், ரயில் பாதையில் இறந்த போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் எழுதிய கற்கள் இருக்கின்றன. நம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இல்லை.

பாட்டியின் கேள்வி

துலாம்பெனில் மூன்று நாளில் ஆறு முறை இறங்கினோம். கடைசி முறை ஏறிய பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது என்பதால் ஒரு நாள் சும்மா இருந்துவிட்டுத் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை மாலை, தம்பி எடுத்த காணொளியைத் தொலைக்காட்சியில் போட்டான். அம்மா விலாங்கைப் பார்த்துப் பாம்பு என்று கத்தினார். அப்பா கிளிமீன் சாப்பிட நன்றாக இருக்குமா என்று கேட்டார். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்து உட்கார்ந்து பார்த்தார். நீர்மூழ்கி நம் கிள்ளான் கடலில் கிடக்கும் கதையையும் சொன்னேன். “அவனும் எங்கியோ ஒரு புள்ளைக்கு அப்பன்தானே” என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், “அந்த ரப்பரெல்லாம் என்னாச்சு?”

“கரையிலேயே இறக்கிட்டாங்களாம் பாட்டி.”

“எந்தத் தோட்டத்துல எவன் வெட்டின பாலோ” என்றார்.

பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். லோரி வந்து நின்றது கள்ளுக்கடை வாசலில். அப்பா தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு லோரி வரைக்கும் போனது. மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லி, கையில் வைத்து விளையாட ஒரு பால் மங்கைக் கொடுத்தது. அந்த மங்கு வெகுநாள் வீட்டில் இருந்து, லயம் மாறிப் போகும்போது காணாமல் போனது. அப்பாவின் முழுப்பெயர். அவருடைய அப்பா பெயர். தமிழ்நாட்டில் அவர்கள் புறப்பட்டு வந்த ஊர். ஏறிய இடம் தெரியும், இறங்கிய இடம்தான் தெரியவில்லை என்றார். அம்மாவுக்கே இதில் பாதி புதிது. தம்பி சத்தமில்லாமல் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தான். நான் காகிதத்தில் எழுதிக்கொண்டேன்.

ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நீங்க கேக்கலியே” என்றார். குறையாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் 85, 90 வயதில் ஒருவர் இருந்தால், அவர் தோட்டத்திலோ பட்டணத்திலோ ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்தவராக இருந்தால், இந்த வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கடலில் கிடக்கும் இரும்புத் தகடு வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே வருகிறது. துலாம்பெனில் அதன்மேல் பவளம் பிடித்துவிட்டதால், இரும்பு போன பிறகும் அங்கே கொஞ்சம் மிஞ்சும். நம் வீட்டுக் கதைகள்மேல் அப்படி எதுவும் தானாக வந்து ஒட்டாது. யாராவது எழுதிவைத்தால்தான் உண்டு.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் காஞ்சனபுரிக்குப் போகலாம் என்று குடும்பத்தில் பேச்சு. போய்ப் பார்த்துவிட்டு வந்து பாட்டியிடம் சொல்வதாகத்தான் திட்டம். நேற்று இரவு, நான் பயணச்சீட்டு விலை பார்த்துக்கொண்டிருந்தபோது பாட்டி கதவருகே வந்து நின்றார்.

“எனக்கும் பாஸ்போட்டு எடுத்துத் தருவாங்களா கண்ணு? வயசு ஜாஸ்தின்னு சொல்லிடுவாங்களோ?”

திங்கட்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன். காலையில் பாட்டியைக் குடிநுழைவு இலாகாவுக்கு அழைத்துப் போகிறேன்.